மூன்றாம் டப்பா, ஐந்தாம் டப்பா

அண்ணி வெண்ணெயில் வழுக்கி விழுந்தாள். பேக்கரி வைத்திருப்பவர்களுக்கு விழுவதற்கும் இப்படித்தான் வாய்க்கும் போலிருக்கிறது. இருபத்திரண்டு வருஷம் நடந்து பழகிய சமையலறையில், தராசுக்கும் மாவுத் தொட்டிக்கும் நடுவே, கட்டைவிரல் அளவுகூட இல்லாத ஒரு துண்டு வெண்ணெய் அவளைக் கவிழ்த்துவிட்டது. கணுக்கால் இரண்டு இடத்தில் முறிந்தது. மாவுக்கட்டுப் போட்ட டாக்டர், மூன்று மாதம் படி ஏறக் கூடாது, இறங்கவும் கூடாது என்று சொல்லி அனுப்பினார். வீடு கடைக்கு மேலேதான். நான்கு பேர் சேர்ந்து அண்ணியை நாற்காலியோடு தூக்கி மேலே கொண்டுபோய் வைத்தார்கள். வைத்ததோடு சரி, அவள் குரல் மட்டும் படி வழியாக இறங்கி வந்துகொண்டிருந்தது.

கால் முறிந்தது அண்ணிக்கு, நொண்டியது கடை. ரொட்டியும் பன்னும் அடுப்புக்காரர் பாட்டுக்கு நடந்தன. அவர் பதினைந்து வருஷமாக ஒரே மாதிரி பிசைந்து, ஒரே மாதிரி சுட்டு, ஒரே மாதிரி அலுத்துக்கொள்கிறவர். கேக் அப்படியில்லை. ஒரு கேக் போல இன்னொன்று இருக்காது. ஒருவர் வட்டம் கேட்பார், ஒருவர் இதயம் கேட்பார். ஒரு வீட்டில் முட்டை ஆகாது, இன்னொரு வீட்டில் முந்திரி ஆகாது. இதையெல்லாம் போனில் கேட்டு, நோட்டில் எழுதி, உள்ளே சொல்லிச் செய்ய வைத்தது முழுக்க அண்ணி. கிரீம் தடவிப் பூப் போடுவது மாஸ்டர், அதாவது அவள் புருஷன். அவர் யாரிடமும் அதிகம் பேசுகிறவரில்லை. போன் அடித்தால் கை ஈரம் என்று காட்டி நகர்ந்துவிடுவார்.

அண்ணி விழுந்த முதல் இரண்டு வாரத்தில் மூன்று கேக் தப்பாகப் போயிற்று. முட்டை ஆகாத வீட்டுக்கு முட்டை கேக் போய், அந்த வீட்டம்மா கடை வாசலில் நின்று பேசிய பேச்சு தெருக்கோடி வரை கேட்டது. இப்படியே போனால் கேக்கை நிறுத்திவிட்டு வெறும் பன் கடையாக இருந்துவிடலாம் என்று மாஸ்டர் ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார். சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டுச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனார். பூப் போடாத கை அவருக்குக் கையே இல்லை என்று அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

அப்போதுதான் மாஸ்டரின் தங்கச்சி வந்து சேர்ந்தாள். நாற்பத்தைந்து வயது. ஒரு கல்லூரி நூலகத்தில் இருபது வருஷம் வேலை பார்த்தவள். அந்தக் கல்லூரியை மூடிவிட்டதால் கையில் வேலை இல்லாமல் இருந்தாள். எதைக் கண்டாலும் பேர் எழுதி ஒட்டாமல் அவளால் இருக்க முடியாது. மிளகு டப்பாவில் மிளகு என்று ஒட்டுவாள், சரி. கத்தரிக்கோலில் கத்தரிக்கோல் என்றும் ஒட்டுவாள். அண்ணி அவளுக்கு வைத்த பேர் லேபிள். கடையில் வேலை செய்கிறவர்கள் மரியாதைக்கு ஒரு அக்காவைச் சேர்த்து லேபிளக்கா ஆக்கிவிட்டார்கள்.

"கவலையே படாதீங்க அண்ணி. கம்ப்யூட்டர்ல ஆர்டர் எடுக்கிற சாஃப்ட்வேர் இருக்கு. ஜனங்க வீட்ல இருந்தே போன்ல தட்டிடுவாங்க. உள்ள சீட்டு தானா பிரிண்ட் ஆகி வரும். உங்க கால் சரியாகிற வரைக்கும் கடை என் பொறுப்பு" என்றாள்.

"பொறுப்பெல்லாம் சரி. எம் பேரையும் எழுதி நெத்தியில ஒட்டிறாத" என்றாள் அண்ணி.

லேபிளக்கா கல்லாவுக்குப் பின்னால் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வெளியே மழைக்காலம் தொடங்கியிருந்தது. நனைந்த குடையோடு வருகிறவர்கள் வாசலில் உதறிவிட்டு வருவார்கள். உதறிய தண்ணீரைத் துடைப்பதும் அவள் வேலையாயிற்று. துடைத்த நேரம் போக, ஒவ்வொரு கேக்காக உள்ளே ஏற்றினாள். ஒரு கிலோ வெண்ணிலா வட்டம். ஒரு கிலோ வெண்ணிலா சதுரம். ஒரு கிலோ வெண்ணிலா வட்டம், முட்டை இல்லாமல். இரண்டாம் நாள் மாலையில் நூற்று நாற்பது கேக் ஏறியிருந்தது. சாக்லேட் இன்னும் ஆரம்பிக்கவேயில்லை.

சாஃப்ட்வேர் கம்பெனியில் சந்தேகம் தீர்த்து வைக்கிற பெண் போனில் வந்தாள். குரலைக் கேட்டால் பகலெல்லாம் இதே பேச்சைப் பேசிக் களைத்தவள் மாதிரி இருந்தது.

"மேடம், நீங்க ஒவ்வொரு கேக்கையும் தனித்தனிப் பொருளாப் போடுறீங்க. கேக் ஒண்ணு போதும். மத்ததெல்லாம் கேள்வியா வைங்க."

"கேள்வியான்னா?"

"உங்க கடைக்கு ஒருத்தர் வந்தா நீங்க என்ன கேப்பீங்க?"

"உள்ள வாங்க, குடைய அங்க வைங்கம்பேன்."

அந்தக் களைத்த பெண் சிரித்துவிட்டாள். "அதுக்கப்புறம் கேக்கிறத எல்லாம் வரிசையா எழுதுங்க. எந்தக் கேள்விக்குக் கட்டாயம் பதில் வேணும், எதுக்கு வேணாம், எத்தனை பதில் தேர்ந்தெடுக்கலாம்னு குறிங்க. அவ்வளவுதான் மேடம்."

அவ்வளவுதானா? லேபிளக்காவுக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. அவ்வளவு சுவாரசியமாக இருந்தது. எந்தக் கேள்வியை முதலில் கேட்பது? வாங்க வருகிறவர் மனதில் முதலில் இருப்பது யாருக்குக் கேக் என்பது. உள்ளே செய்கிறவருக்கு முதலில் தெரிய வேண்டியது முட்டை உண்டா இல்லையா; அதற்குத் தகுந்தமாதிரி கிண்ணமே மாறும். அப்புறம் எடை, எந்த அச்சை எடுப்பது என்று தெரிய. என்ன எழுதுவது என்பது கடைசி வேலை, ஆனால் வருகிறவர் வாயைத் திறந்ததும் அதைத்தான் சொல்வார். ஒரு கேக்குக்குள் இரண்டு வரிசை இருக்கிறது என்று அவள் கண்டுபிடித்தாள். முட்டையையும் முந்திரியையும் கட்டாயக் கேள்விகளாக்கி, பதில் சொல்லாமல் அடுத்த படிக்குப் போக முடியாதபடி பூட்டினாள்.

ஒரு இடத்தில் மட்டும் கோட்டை விட்டாள். கேக்கின் உள்ளே என்ன வைப்பது என்ற கேள்விக்கு எத்தனை தேர்ந்தெடுக்கலாம் என்று குறிக்க மறந்துவிட்டாள். மறுநாளே ஒரு புண்ணியவான் ஆறையும் தேர்ந்தெடுத்து அனுப்பினார். மாஸ்டர் சீட்டோடு வெளியே வந்தார்.

"தங்கச்சி, இது கேக்கா, மளிகைக் கடையா? அன்னாசியும் காப்பித்தூளும் ஒரே வயித்துக்குள்ள போகணுமா?"

"மன்னிச்சுக்கண்ணே. ஒண்ணுன்னு வச்சிடறேன்."

"ரெண்டு வை. ஒண்ணுன்னா ஜனங்க வருத்தப்படுவாங்க."

இப்படியாக மற்றக் கேள்வியெல்லாம் முடிந்து, நிறத்துக்கு வந்து நின்றது.

என்னென்ன நிறம் செய்வோம் என்று தெரிந்துகொள்ள அண்ணியின் பழைய நோட்டுகளை எடுத்தாள். பதினொரு நோட்டு. கல்லா மேஜை கீழ்த்தட்டில் பாச்சை உருண்டை வாசனையோடு கிடந்தன. நூலகக்காரி அல்லவா, ஒன்றுவிடாமல் படித்தாள். ஒரு கிலோ, சதுரம், வெண்ணிலா, பூ 3, இலை 5, பேர் 1. இரண்டு கிலோ, இதயம், ஓரம் 3 கால் கரண்டி. அரைக் கிலோ, ரிப்பன் 3 அரைக் கரண்டி, 6 ஒரு துளி. பதினொரு நோட்டில் ஒரு இடத்திலாவது சிவப்பு என்றோ பச்சை என்றோ ஒரு வார்த்தை இல்லை.

அவளுக்கு மண்டை குடைய ஆரம்பித்துவிட்டது. அடுப்புக்காரரைக் கேட்டாள்.

"அது ரகசியம் அக்கா" என்றார் அவர், மாவை அறைந்துகொண்டே. "பின் தெருக் கடைக்காரன் பாத்துக் காப்பியடிச்சிடக் கூடாதுன்னு அண்ணி பண்ணின ஏற்பாடு."

"பூவ எல்லாரும்தான் பாக்கறாங்க. அதுல என்ன ரகசியம்?"

"அதான் எனக்கும் புரியல. புரியாததனாலதான ரகசியம்."

மாடிக்குப் போனாள். அண்ணி கட்டுப்போட்ட காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"அது டப்பா நம்பர். ஷெல்ஃப்ல ஒன்பது டப்பா இருக்குல்ல? மூடியில நம்பர் போட்டிருக்கும்."

"கஸ்டமர் வந்து நம்பரா சொல்றாங்க? கலர் பேருதான சொல்வாங்க?"

"அவங்க கலர் சொல்லுவாங்க. நான் நம்பர் எழுதுவேன்."

"ஏன்?"

அண்ணி ஒரு பட்டாணியை வாயில் போட்டு மென்றாள். "உங்க அண்ணனக் கேளு."

அண்ணனைக் கேட்டாள். "உங்க அண்ணிக்கு அப்படி ஒரு பழக்கம்" என்று சொல்லிவிட்டு அவர் கிரீம் கலக்கப் போய்விட்டார். அவர் அங்கே அனுப்ப, அவள் இங்கே அனுப்ப, லேபிளக்கா இரண்டு நாள் படி ஏறி இறங்கியதுதான் மிச்சம். கடைசியில் மாடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது: "என்னவோ பண்ணு, அந்த ஷெல்ஃப்ல மட்டும் கை வைக்காத!"

கை வைக்காதே என்றால் வைக்காமல் இருக்கிற கையா அது? கம்ப்யூட்டரில் ஒன்பது நிறத்தையும் பேர் சொல்லி, பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வண்ணக் கட்டம் போட்டாள். சிவப்பு, பச்சை, நீலம் என்று சீட்டு உள்ளே போயிற்று. மாஸ்டர் எந்தக் குறையும் சொல்லவில்லை. கேக்குகள் சரியாகவே வந்தன. பார்த்தீர்களா, நம்பர் எல்லாம் தேவையே இல்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு டப்பாக்களைப் பார்த்தாள். பழைய பிஸ்கட் டப்பாக்கள். விளிம்பெல்லாம் துரு. மூடியைத் திறந்தால் விரல் நாலு நாளைக்குக் கறையாக இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடை மூடியிருந்த வேளையில், ஒன்பது கண்ணாடி ஜாடி வாங்கி, கழுவிக் காயவைத்து, ஒவ்வொரு கலரையும் வழித்து மாற்றினாள். வானவில்லில் இருக்கிற வரிசையில் அடுக்கினாள். ஷெல்ஃப் அப்படியே மின்னியது.

கத்தரிக்கோலில் கத்தரிக்கோல் என்று ஒட்டுகிறவள், அந்த ஜாடிகளில் மட்டும் எதுவும் ஒட்டவில்லை. கண்ணாடி வழியே பார்த்தாலே தெரிகிறதற்கு லேபிள் எதற்கு என்று நினைத்தாள்.

திங்கட்கிழமை மாஸ்டர் ஷெல்ஃப் முன்னால் வந்து நின்றார். கொஞ்ச நேரம் நின்றார்.

"எப்படி இருக்குண்ணே?"

"நல்லா இருக்கு" என்றார். பிறகு அடுப்புக்காரர் பக்கம் திரும்பி, "அந்தச் சிவப்ப எடுத்துக் குடுப்பா" என்றார். அந்த வாரம் முழுக்க அப்படித்தான். பச்சையை எடு, சிவப்பை எடு என்று அடுப்புக்காரரை ஏவிக்கொண்டே இருந்தார். நீலத்தையும் மஞ்சளையும் மட்டும் தானே எடுத்துக்கொண்டார். அண்ணி மேலே போனதும் இவருக்கு உடம்பு வளையவில்லை என்று லேபிளக்கா நினைத்தாள். வேறு எப்படி நினைப்பாள்?

அந்த வாரக் கடைசியில்தான் பள்ளிக்கூட ஆர்டர் வந்தது. விளையாட்டு விழா. நான்கு அணி, நான்கு கேக், ஒவ்வொன்றும் இரண்டு கிலோ. தீ அணிக்குச் சிவப்பு, இலை அணிக்குப் பச்சை, அலை அணிக்கு நீலம், சூரிய அணிக்கு மஞ்சள். அந்தந்தக் கேக்கில் அந்தந்தப் படம். கம்ப்யூட்டர் வழியாக வந்த முதல் பெரிய ஆர்டர். விளையாட்டு வாத்தியார் நேரில் வேறு வந்து சொல்லிவிட்டுப் போனார்: "எல்லாப் பிள்ளைங்களோட வீட்டுக்காரங்களும் வருவாங்க. நல்லா இருந்துச்சுன்னா ஊரே இங்கதான் வரும். சொதப்புச்சுன்னாலும் ஊரே பாக்கும்." மாஸ்டர் அதைக் கேட்டுவிட்டு, வெகு நாளைக்குப் பிறகு சீட்டி அடித்துக்கொண்டே உள்ளே போனார்.

சனிக்கிழமை அடுப்புக்காரர் சம்பந்தி வீட்டு விசேஷம் என்று ரொட்டியை மட்டும் விடியலில் சுட்டுப் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். மழை விடாமல் பெய்தது. வாத்தியார் பதினொரு மணிக்கு வருவார். எட்டரைக்கு லேபிளக்கா இரண்டு டம்ளரில் தேநீரோடு உள்ளே போனாள்.

மேஜைமேல் நான்கு கேக்கும் வரிசையாக இருந்தன. அலை என்றால் அலை. நுரை ததும்பிக் கீழே வழிந்துவிடும் போலிருந்தது. சூரியன் தகதகத்தது. மூன்றாவது கேக்கில் தீ எழும்பி, நாக்கு நாக்காகப் பிரிந்து, பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. நான்காவதில் நரம்பெல்லாம் தெளிவாக ஓடிய ஓர் அழகான இலை, ரத்தச் சிவப்பில்.

அவள் முதலில் சிரித்தாள். "என்னண்ணே, காலங்காத்தால விளையாட்டு?"

மாஸ்டர் கிரீம் கோனைக் கீழே வைத்தார். "ஏன், தீ சரியா எழும்பலயா?"

"பச்சையா எரியுதே."

அவர் குனிந்து கேக்கைப் பார்த்தார். ஷெல்ஃபைப் பார்த்தார். மறுபடி கேக்கைப் பார்த்தார். முகம் வெளிறிப்போயிற்று. "அப்படியா" என்றார். அது பச்சையில்லை, சிவப்புதான் என்று ஒரு வார்த்தை வாதாடவில்லை.

லேபிளக்காவின் சிரிப்பு நின்றது. சின்ன வயதில் அண்ணனைக் கடைக்கு அனுப்பினால் தக்காளி காயாகவே வாங்கி வருவான். அம்மா திட்டித் தீர்ப்பாள். கண்ணு எங்க வச்சிருந்தே என்பாள். அவன் அதற்குப் பிறகு ஒவ்வொரு தக்காளியாக அமுக்கிப் பார்த்து வாங்கக் கற்றுக்கொண்டான். கடைக் கண்ணாடிப் பெட்டியில் எப்போதும் நீலப் பூவும் மஞ்சள் பூவும்தான். யாராவது கேட்டால் ஒழிய ரோஜா வைக்கமாட்டார். நாற்பத்தைந்து வருஷம் கூடப் பிறந்தவள். ஒரே தட்டில் சாப்பிட்டவள். அவளுக்குத் தெரியவில்லை. பதினொரு நோட்டில் எழுதி வைத்தும் தெரியவில்லை. வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"கதவச் சாத்து" என்றார் மாஸ்டர்.

சாத்தினாள்.

"மொத மொத ஒரு பெரிய கடையில வேலைக்கு இருந்தேன். இருபது வயசு. ஒரு கல்யாண கேக்குல ரோஜாவ இந்த மாதிரி போட்டுட்டேன். முதலாளி அடிக்கல, திட்டக்கூட இல்ல. ஒரு தட்டு நிறைய மிட்டாயக் கொட்டி, எல்லாரையும் கூப்பிட்டு, ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டினாரு. இது என்ன கலரு? இது என்ன கலரு? நான் தப்பா சொல்லச் சொல்ல எல்லாரும் சிரிக்கிறாங்க. அப்புறம் அது அங்க ஒரு ஆட்டமாப் போச்சு. யார் புதுசா வந்தாலும், இவனக் கேளு, இவனக் கேளுன்னு. யாரும் கெட்டவங்க இல்ல. அவங்களுக்குத் தெரிஞ்சுக்க ஆசை. ஆறு மாசம் தாங்கினேன். அப்புறம் ஓடியே வந்துட்டேன்."

அவர் முக்காலியில் உட்கார்ந்தார். கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"கேளு" என்றார். "நீயும் கேளு. கேக்காம இருக்க முடியாது உன்னால."

உண்மைதான், முடியாது. நாக்கு நுனியில் வந்து நின்றது. பக்கத்திலேயே ஒரு சிவப்புத் துண்டு தொங்கியது, ஜன்னலுக்கு வெளியே நனைந்த செடி ஒன்று நின்றது, அவள் கட்டைவிரலிலேயே பச்சைக் கறை இருந்தது. விரலை நீட்டினால் போதும். இருபது வருஷம் புத்தகங்களுக்கு நடுவே தெரியாததைத் தெரிந்துகொள்ளாமல் விட்டதில்லை அவள். கண்முன்னே, கூடப் பிறந்தவன் கண்ணுக்குள்ளே, அவள் பார்க்காத ஓர் உலகம் இருக்கிறது. அந்தக் கேள்வியை அவள் எச்சிலோடு சேர்த்து விழுங்கினாள்.

"எனக்கு நம்பர்தான் வேணும்" என்றாள். "சிவப்பு எத்தனாவது டப்பா?"

மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"மூணு."

"பச்சை?"

"அஞ்சு."

அவள் லேபிள் கட்டை எடுத்துவந்து 3 என்று எழுதி ஒரு ஜாடியில் ஒட்டினாள். 5 என்று எழுதி இன்னொன்றில் ஒட்டினாள். மீதியையும் கேட்டுக் கேட்டு ஒட்டி, வானவில்லைக் கலைத்து, ஒன்றிலிருந்து ஒன்பது வரை அடுக்கினாள். அவசரத்தில் ஏழு கொஞ்சம் கோணலாகப் போய்விட்டது.

"மணி ஒன்பது ஆகப்போகுது. ரெண்டு மணி நேரம் போதுமாண்ணே?"

மாஸ்டர் எழுந்தார். அகலக் கத்தியால் தீயையும் இலையையும் ஒரே இழுப்பில் வழித்தெடுத்தார். கேக்குகளைக் குளிர வைத்துவிட்டு, புதுக் கிரீமை அடிக்க விட்டார். 3-ஐத் திறந்து இரண்டு கரண்டி. கேக்கைச் சுழல் தட்டில் ஏற்றி, இடது கையால் சுழற்றிக்கொண்டே வலது கையால் தீயை எழுப்பினார். கையில் தடுமாற்றமே இல்லை. நிறம் தெரியாத அந்தக் கண் வேறு எல்லாவற்றையும் எவ்வளவு கூர்மையாகப் பார்க்கிறது என்று பக்கத்தில் நின்று அவள் பார்த்தாள். ஒவ்வொரு நாக்கும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கமே சாய்ந்தது.

பத்தே முக்காலுக்கே வாத்தியார் வந்து நின்றார். இலையில் இன்னும் நரம்பு ஓட வேண்டியிருந்தது. லேபிளக்கா கல்லாவில் வழிமறித்தாள்.

"சார், உங்ககிட்ட ரெண்டு கேள்வி. எங்க சாஃப்ட்வேர்ல ஆர்டர் பண்ணும்போது எங்கயாவது சிக்கல் இருந்துச்சா?"

"இருந்துச்சாவா? பள்ளிக்கூடத்துக்கு என்ன வயசு, எத்தனை மெழுகுவர்த்தின்னு கேட்டுச்சு. பதில் போடாம விடல. அறுபத்தி மூணுன்னு போட்டேன்."

"ஐயோ, அதக் கட்டாயம்னு வச்சிட்டேன் போல. வேற?"

வாத்தியார் ஓய்வுபெறப் போகிறவர். குறை சொல்ல இவ்வளவு பொறுமையாக யாரும் அவருக்குக் காது கொடுத்ததில்லை. இருபது நிமிஷம் சொன்னார். அவள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள், நிஜமாகவே. உள்ளேயிருந்து நான்கு பெட்டியும் வந்தன. வாத்தியார் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். தீயைப் பார்த்ததும், "யப்பா, சுடும்போல இருக்கே" என்றார்.

பெட்டிகள் போனதும் லேபிளக்கா மாடிக்கு ஓடினாள். அண்ணியின் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லி, ஒரு பாட்டம் அழுதாள்.

"சொல்லியிருக்கலாம்ல அண்ணி?"

"எப்படிச் சொல்றது? உசுரே போனாலும் யார்கிட்டயும் சொல்லாதன்னு கல்யாணத்துக்கு முந்தியே சத்தியம் வாங்கிட்டாரு. உங்கிட்டயாவது சொல்லுங்கன்னு அன்னியிலேர்ந்து நானும் சொல்றேன். தங்கச்சி கேள்வி கேட்டே கொன்னுருவான்னாரு."

"உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

அண்ணிக்கு இப்போதே சிரிப்பு வந்துவிட்டது. "மொத தடவ சந்திக்க வரச் சொன்னேன். பஸ் ஸ்டாப்புல கூட்டமா இருக்கும், நான் சிவப்புக் குடை வச்சிருப்பேன், அடையாளம் பாத்து வாங்கன்னு சொன்னேன். அப்ப மழை வேற. நான் இந்தப் பக்கம் சிவப்புக் குடையோட நிக்கிறேன். இவரு நேரா எதிர்ப்பக்கம் போயி, பச்சைக் குடை பிடிச்ச ஒரு பொம்பளகிட்ட, வந்து ரொம்ப நேரமாச்சான்னு கேக்குறாரு. அவளும் பதில் சொல்றா! பத்து நிமிஷம் சிரிச்சுச் சிரிச்சுப் பேசிட்டிருக்காங்க. இங்க நின்னு பாக்கறேன், எனக்கு எப்படி இருக்கும்?"

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, கிட்டப் போயி கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன். அன்னிக்குப் பிடிச்ச கைதான்."

அன்று மதியம் முழுக்க லேபிளக்கா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். அந்தக் களைத்த பெண்ணைப் போனில் பிடித்தாள்.

"வாங்கறவங்களுக்கு ஒரு பேரு காட்டணும், உள்ள வர்ற சீட்டுல வேற பேரு வரணும். முடியுமா?"

"சமையலறைப் பேருன்னு ஒரு கட்டம் இருக்கும் பாருங்க மேடம். ஒவ்வொரு தேர்வுக்கும் கீழ. யாரும் அத நிரப்புறதே இல்ல."

இருந்தது. இத்தனை நாளும் காலியாக, அவள் கண் முன்னாலேயே இருந்தது. சிவப்பு என்பதற்குக் கீழே 3 என்று எழுதினாள். பச்சைக்கு 5. பிறகு பதினொரு நோட்டையும் மடியில் வைத்துக்கொண்டு, இதுவரை வாங்குகிறவர்களுக்குக் காட்டாத நிறங்களையெல்லாம் சேர்த்தாள். வெளிர் ரோஸ்: 3, கால் கரண்டி. மெரூன்: 3 இரண்டு கரண்டி, 9 ஒரு துளி. எந்தக் கலவை எந்த நிறம் என்று தெரியாத இடத்திலெல்லாம் அண்ணி மாடியிலிருந்து கத்திச் சொன்னாள். தெருவில் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள். யாருக்கும் எதுவும் புரியவில்லை, அதுதான் நல்லது.

முதல் சீட்டு பிரிண்ட் ஆகி வந்ததை மாஸ்டர் கையில் எடுத்துப் பார்த்தார். பூ 3, இலை 5, பேர் 1. இரண்டு தடவை பார்த்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார். வேலையை முடித்துவிட்டு வந்து, கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று, வாசலில் மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"நீ அன்னிக்குக் கேக்கவே இல்ல."

"எத?"

"நனைஞ்ச செங்கல் இருக்குல்ல, அது மாதிரி. சிவப்பு, பச்சை ரெண்டுமே. ஒண்ணு கொஞ்சம் இருட்டா இருக்கும், அவ்வளவுதான். மஞ்சள் நல்லாத் தெரியும். நீலம் இருக்கே, அது மட்டும் தூரத்துல இருந்தே கூப்பிடும்."

எழுதி ஒட்ட வேண்டும் என்று தோன்றாத ஒன்றை அவள் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அண்ணிக்குக் கட்டுப் பிரிக்கிற நாளும் வந்தது. அன்று காலை பத்து மணிக்கு ஒரு சீட்டு வந்தது. அரைக் கிலோ, வட்டம், வெண்ணிலா. படம்: குடை. குடை 5. எழுத்து: எதுவும் வேண்டாம். அனுப்பியவர் பேரைப் பார்த்தால் மாஸ்டர். மனுஷர் இருபதடி தூரத்தில் நின்றுகொண்டு, தன் போனிலிருந்து தன் கடைக்கே ஆர்டர் போட்டிருக்கிறார்.

லேபிளக்கா சீட்டை மறுபடி படித்தாள். குடை என்றால் சிவப்பு, சிவப்பு என்றால் 3 அல்லவா? சமையலறைப் பேரில் நம்பரை மாற்றி எழுதிவிட்டோமோ? இத்தனை நாள் போன சிவப்பெல்லாம் பச்சையாகப் போயிற்றோ? சீட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

"அண்ணே, அஞ்சுன்னு வந்திருக்கு! மூணுதான வரணும்?"

"அஞ்சுதான்" என்றார் மாஸ்டர், கிரீமை அடித்துக்கொண்டே. "சரியாத்தான் வந்திருக்கு."

"அது பச்சைண்ணே."

"தெரியும். பேரப் படிச்சுத்தான தட்டினேன்."

ஒரு மணி நேரத்தில் கேக் தயாராகிவிட்டது. வெள்ளைக் கிரீம்மேல், விரித்த குடை ஒன்று, கம்பி கம்பியாக, விளிம்பில் மழைத்துளி சொட்ட, பச்சைப் பசேலென்று. லேபிளக்கா அதைத் தட்டில் ஏந்திக்கொண்டு முன்னால் ஏறினாள். மாஸ்டர் பின்னால் இரண்டு படி தள்ளி வந்தார்.

அண்ணி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, வெளுத்துச் சுருங்கிய காலைத் தரையில் ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டைப் பார்த்தாள். பிறகு தலையணையை எடுத்துப் படிப்பக்கம் வீசினாள்.

"இத்தன வருஷம் ஆச்சு, உங்க அண்ணன் இன்னும் அந்தப் பொம்பளைய மறக்கல பாத்தியாடி!"